கம்மாலைக்குப் போன துவக்கு

நாம் துவக்கு என்கிறோம்; சிங்களத்தில் அது துவக்குவ; தமிழ்நாட்டார்க்குத் துப்பாக்கி. துருக்கியரின் 'துஃபெக்' என்ற சொல்லுக்கு இவை உறவு. சொல்லே இத்தனை தூரம் பயணித்திருக்கையில், பொருளின் பயணம் சொல்லவும் வேண்டுமா?

என் மூத்தவாப்பாவின் வீட்டுச் சுவரில் ஒரு பழந்துவக்கு தொங்கியது. வாய்வழியே மருந்தும் குண்டும் இடும் வகை. அதன் பூட்டு இடப்பக்கம் இருந்தது. செய்தவனின் கைப்பிழை என்றே எண்ணியிருந்தோம். பழைய சிங்களத் துவக்குகளின் தனி அடையாளமே அந்த இடப்பக்கப் பூட்டு என்பதைப் பின்னாளில் வாசித்தறிந்தேன்.

ஒருநாள் அதைத் திருத்தவென்று சாக்கில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றி, கம்மாலைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே மருந்து கிடக்கிறதா என்று எவரும் பார்க்கவில்லை. ஈரம் படாத கருமருந்து தலைமுறைகள் கடந்தும் தீப்பற்றும். கொண்டுபோன இடமோ உலைக்களம்! நல்லவேளை, குழல் வெறுமையாக இருந்தது.

சோதிப்பது எளிது. மரக்கோலொன்றைக் குழலுள் மெதுவாக இறக்கி, வாயோரத்தில் அடையாளமிட்டு, பின் குழலின் வெளியே வைத்து அளக்கவேண்டும். கோல் பற்றுத்துளைவரை எட்டாவிடில் உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது. அப்போது துவக்கை நகர்த்தாமல், விடயமறிந்தவரை அங்கேயே அழைப்பதுதான் அறிவு. வெறுமையெனத் தெரிந்தபின்னும், பிடியின் மெலிந்த கழுத்து முறியாதபடி பஞ்சணைத்த பெட்டியில் கிடத்தி, அனுமதிப்பத்திரத்தோடு கொண்டுசெல்லவேண்டும்.

எங்களுக்கு நேர்ந்த இழப்பு வேறு. கொல்லர் நல்ல மனதோடுதான் அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்தார். குழலில் பொறித்திருந்த எழுத்துக்கள் போயின. அது யார் துவக்கு, எக்காலத்தது என்ற கேள்விகளுக்கு இனி விடையில்லை.

1765இல் ஒல்லாந்தக் கம்பெனிப் படை கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டது. அப்போது பறிபோன லெவுக்கே திசாவையின் பீரங்கியும் இரு பெரும் துவக்குகளும் உட்பட ஆறு பொருள்களை நெதர்லாந்து 2023 டிசம்பரில் கொழும்பில் கையளித்தது. பீரங்கியில் பொறித்த சிங்கள எழுத்துக்கள் அதை மன்னருக்கு அளித்தவர் யாரென்று இன்றும் சொல்கின்றன. கொள்ளையிட்டவன்கூட அந்த எழுத்தை அழிக்கவில்லை. எங்கள் எழுத்தை நாங்களே கொண்டுபோய் அழித்தோம்.

ஆகவே, பழந்துவக்கு வைத்திருப்போருக்கு என் வேண்டுகோள் இது: குழலைச் சோதியுங்கள், படம் எடுத்துவையுங்கள், திருத்துபவரிடம் முதற் சொல்லாக "தேய்க்காதீர்கள்" என்று சொல்லுங்கள். துருவை நீக்க வழியுண்டு. அழிந்த பெயரை மீட்க வழியில்லை.