தோற்ற திருப்புதல் தேர்வும் நிலாவில் இறங்கிய கதையும்



இன்று ஜூலை 20. 1969ஆம் ஆண்டு இதே நாளில்தான் அப்பல்லோ 11 நிலாவில் இறங்கியது. நம் ஊர்க் கணக்கில் அது ஜூலை 21 அதிகாலை 1.47. ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்தபோது இங்கே திங்கட்கிழமை காலை 8.26. நான் அப்போது நான்காம் வகுப்பு. அன்று பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது.

ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் என்ற மூன்று பெயர்களையும் என்னிடம் படித்தவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். இன்று நான் எழுத வந்தது பாடப்புத்தகத்தில் இல்லாத ஒருவரைப் பற்றி. பெயர் டிக் கூஸ். அவர் விண்கலம் ஓட்டியவர் இல்லை, ராக்கெட் கட்டியவரும் இல்லை. அவர் வேலை வினாத்தாள் தயாரிப்பது! ஆமாம், நம்ம இனம்தான்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

1961 மே 25 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி, பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலாவில் இறக்கித் திரும்பக் கொண்டுவருவோம் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். சொன்னபோது அவர்கள் நாட்டு வீரர் ஒரே ஒருவர்தான் விண்வெளிக்குப் போயிருந்தார். அதுவும் கால் மணி நேரப் பயணம். கலம் செய்ய வேண்டும், ராக்கெட் செய்ய வேண்டும். அதோடு, கீழே தரையில் உட்கார்ந்து கலத்தைக் கவனிக்கிற ஆட்களையும் உருவாக்க வேண்டும். பலரும் மறந்துபோகிற பகுதி இதுதான். டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் கட்டுப்பாட்டு அறை அமைத்தார்கள். அங்கே உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி முடித்துச் சில ஆண்டுகளே ஆன இளைஞர்கள்.

அவசரத்துக்கு ஒரு பெரிய விலை கொடுக்க நேர்ந்தது. 1967 ஜனவரி 27. புளோரிடாவில் ஏவுதளத்தின் மேல் அப்பல்லோ கலத்தை வைத்து ஒரு சோதனை. ராக்கெட்டில் எரிபொருள் நிரப்பவில்லை. அதனால் இது ஆபத்தில்லாத சோதனை என்றே வகைப்படுத்தியிருந்தார்கள். ஆனால் கலத்துக்குள் முழுக்க முழுக்க ஆக்சிஜன், அதுவும் வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தத்தில். எங்கோ ஒரு மின்பொறி. நொடிகளில் தீ பரவியது. கதவோ உள்பக்கமாகத் திறப்பது. உள்ளே அழுத்தம் ஏறியதும் அதைத் திறக்கவே முடியவில்லை. கிரிசம், ஒயிட், சாஃபி என்ற மூன்று வீரர்கள் தரையிலேயே இறந்துபோனார்கள்.

அதன் பிறகு கதவை மாற்றினார்கள். வெளிப்பக்கமாக, சில நொடிகளில் திறக்கும்படி செய்தார்கள். ஏவுதளத்தில் இருக்கும்போது ஆக்சிஜனோடு நைட்ரஜனும் கலந்தார்கள். எளிதில் தீப்பிடிக்கும் பொருள்களை நீக்கினார்கள். அடுத்த வீரர்கள் மேலே போக 1968 அக்டோபர் ஆயிற்று. ஹூஸ்டனில் பணி இயக்குநராக இருந்த ஜீன் கிரான்ஸ் தம் ஆட்களைக் கூட்டி, இது நம் எல்லாருடைய பொறுப்பும்தான், ஏதோ சரியில்லை என்று தெரிந்தும் நாம் நிறுத்தச் சொல்லவில்லை என்று பேசினார். இனி உறுதியும் திறமையும்தான் நம் அடையாளம், அந்த இரண்டு சொற்களையும் அவரவர் கரும்பலகையில் எழுதி வையுங்கள், அழிக்கக் கூடாது என்றார். கரும்பலகையோடே வாழ்ந்தவன் என்பதால் இந்த இடம் எனக்கு எப்போதும் நெஞ்சில் நிற்கும்.

இனி டிக் கூஸுக்கு வருகிறேன்.

ஒத்திகை எப்படி நடக்கும் தெரியுமா? வீரர்கள் கலத்தைப் போலவே செய்த சிமுலேட்டருக்குள் உட்காருவார்கள். ஹூஸ்டனில் கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் தங்கள் திரைகளுக்கு முன்னால் உட்காருவார்கள். திரையில் வரும் எண்கள் எல்லாம் நிஜப் பயணத்தில் வருவதைப் போலவே இருக்கும். அந்த எண்களை அனுப்புவது கூஸும் அவர் குழுவும். அவர்கள் நினைத்தால் இயந்திரம் பழுதாகும், பேச்சுத் தொடர்பு அறுந்துபோகும், அளவுகள் தப்பாக வரும். எது எப்போது வரும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. தவறான முடிவு எடுத்தால் திரையில் கலம் நிலாவில் மோதும். நிலா இறக்க ஒத்திகைகளின் தொடக்கத்தில் இப்படிப் பலமுறை மோதியது. ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து யார் என்ன செய்தார், ஏன் செய்தார் என்று ஒளிவுமறைவில்லாமல் பேசுவார்கள்.

அப்பல்லோ 11 ஏவப்பட்ட நாள் 1969 ஜூலை 16. அதற்கு முன், ஜூலை முதல் வாரத்தில், கடைசி ஒத்திகைகளில் ஒன்று. நம் கணக்கில் சொன்னால் கடைசித் திருப்புதல் தேர்வு. கலம் நிலாவை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்போது கூஸ் ஒரு கேள்வியைப் போட்டார். கலத்தின் கணினி ஓர் எச்சரிக்கை எண்ணைக் காட்டியது. பாடத்திட்டத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்த கேள்வி. யாரும் அதைப் படித்து வைத்திருக்கவில்லை.

வழிகாட்டும் கணினியைக் கவனித்தவர் ஸ்டீவ் பேல்ஸ். வயது 26. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அவருக்கு உடனே தெரியவில்லை. நேரம் ஓடுகிறது. இறங்குவதைக் கைவிட்டுத் திரும்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஒத்திகை முடிந்தது. உயிர் தப்பியது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

கூஸ் ஏற்கவில்லை. நீங்கள் திரும்பியிருக்கக் கூடாது, கணினி தன் முக்கிய வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தது, வேறு எந்த அளவிலும் கோளாறு இல்லை, தேவையில்லாமல் பயணத்தைக் கைவிட்டீர்கள் என்றார்.

ஏவ இன்னும் சில நாள்தான். இந்தச் சமயத்தில் இப்படிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும், பாருங்கள். பாவம், பையன்கள் களைத்திருக்கிறார்கள், பாஸ் போட்டுவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை. அதைக் கேட்டவர்களும் 'இது சிலபஸில் இல்லை' என்று சண்டைக்குப் போகவில்லை. கிரான்ஸ் பேல்ஸிடம், அந்தக் கணினியில் வரக்கூடிய எச்சரிக்கைகள் அத்தனையையும் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று முடிவுசெய்து எழுதுங்கள் என்றார்.

பேல்ஸுக்குத் துணையாகப் பின்னறையில் இருந்தவர் ஜாக் கார்மன். வயது 24. இருவரும் கணினி நிரல் எழுதியவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பட்டியலை முடித்தார்கள். கார்மன் அதைக் கையாலேயே எழுதி, தம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார். எந்த எண் வந்தால் திரும்ப வேண்டும், எந்த எண் வந்தால் தொடரலாம் என்று அதில் இருந்தது.

ஜூலை 20. 'ஈகிள்' இறங்கத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். உயரம் சுமார் 10 கிலோமீட்டர். கணினி 1202 என்ற எண்ணைக் காட்டியது. எப்போதும் அமைதியாகப் பேசும் ஆம்ஸ்ட்ராங்கின் குரலில் அவசரம் தெரிந்தது. இது என்ன எச்சரிக்கை என்று கேட்டார். நிலாவிலிருந்து குரல் வந்து பதில் போய்ச் சேரவே இரண்டரை நொடிக்கு மேல் ஆகும். கார்மன் பட்டியலைப் பார்த்தார், தொடரலாம் என்றார். பேல்ஸ் அதைக் கிரான்ஸிடம் சொன்னார். வீரர்களோடு பேசும் பொறுப்பில் இருந்த சார்லி டியூக் அதை மேலே சொன்னார். எச்சரிக்கை வந்து அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. இறங்கி முடிவதற்குள் இப்படி ஐந்து எச்சரிக்கைகள் வந்தன. நான்கு முறை 1202, ஒரு முறை 1201. ஒவ்வொரு முறையும் பதில் ஒன்றுதான்: தொடரலாம்.

அந்த எண்களின் பொருள் என்ன? வீட்டுக் கணக்கில் சொல்கிறேன். அடுப்பில் சோறு கொதிக்கிறது, குழந்தை அழுகிறது, வாசலில் பால்காரர் கூப்பிடுகிறார், போனும் அடிக்கிறது. வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? போனை விட்டுவிடுவார்கள், குழந்தையை எடுப்பார்கள், அடுப்பைக் கவனிப்பார்கள். அந்தக் கணினியும் அதையே செய்தது. ஒரு ரேடாரின் பக்கமிருந்து தேவையில்லாத சமிக்ஞைகள் வந்து அதன் நேரத்தைத் தின்றன. வேலை அளவுக்கு மீறியது. உடனே அது தன்னைத் தானே மறுபடி தொடங்கி, அவசரமில்லாத வேலைகளைத் தள்ளிவிட்டு, கலத்தை இறக்கும் வேலையை மட்டும் விடாமல் பார்த்தது. அப்படித்தான் செய்தேன் என்று தெரிவிக்கவே அந்த எண்.

அப்படி அதை அமைத்தவர்கள் எம்ஐடி ஆய்வகத்தார். எந்த வேலை முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்தும் முறையை ஹால் லானிங் வகுத்தார். நிரல் எழுதும் குழுவை மார்கரெட் ஹாமில்டன் என்ற பெண்மணி வழிநடத்தினார். அந்தக் கணினியின் நிலையான நினைவகத்தில் 36 ஆயிரம் சொல் அளவு நிரல்தான் அடங்கும். அதையும் தொழிற்சாலையில் பெண்கள் சின்னச் சின்ன வளையங்களில் கம்பியைக் கோத்துக் கோத்து, நெசவு போலச் செய்தார்கள்.

அதன் பிறகு பாறைகள் நிறைந்த பள்ளத்தைத் தாண்டி ஆம்ஸ்ட்ராங் கலத்தைக் கையால் ஓட்டி இறக்கியது உங்களுக்குத் தெரிந்த கதை.

நாலே மாதத்தில் இதே பாடம் இன்னொரு வடிவில் வந்தது. 1969 நவம்பர் 14. அப்பல்லோ 12 ஏவப்பட்ட 36ஆவது நொடியில் மின்னல் தாக்கியது. சற்று நேரத்தில் மறுபடியும் ஒரு மின்னல். கட்டுப்பாட்டு அறைத் திரைகளில் எண்கள் தாறுமாறாயின. ஜான் ஆரன் என்ற 26 வயது இளைஞர் மட்டும் அந்தத் தாறுமாறை அடையாளம் கண்டார். ஏறக்குறைய ஓராண்டுக்கு முன் ஒரு சோதனையில் இதே போன்ற விசித்திர எண்களைப் பார்த்திருக்கிறார். அது அவர் தலைவலி இல்லை, விட்டிருக்கலாம். விடாமல் விசாரித்துக் காரணத்தைத் தெரிந்துகொண்டிருந்தார். பலருக்கும் பெயரே தெரியாத ஒரு சுவிட்சை மாற்றச் சொன்னார். கலத்துக்குள் ஆலன் பீன் அதை மாற்றினார். எண்கள் சரியாயின. பயணம் தொடர்ந்தது.

1969 ஆகஸ்ட் 13 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் அதிபர் நிக்சன் அளித்த விருந்தில், தரைக்குழு முழுவதன் சார்பாக விருது வாங்க மேடையேறியவர் பேல்ஸ். திருப்புதல் தேர்வில் தவறான பதில் சொன்ன அதே பேல்ஸ்தான்!

என் மாணவர்களில் பலர் இப்போது பெற்றோர். சிலர் ஆசிரியர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அரையாண்டிலும் திருப்புதலிலும் பிள்ளை மதிப்பெண் குறைந்து வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? திட்டு, அழுகை, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பீடு. விடைத்தாளைப் பிரித்து, எந்தக் கேள்வியில் ஏன் தவறியது என்று பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்? பள்ளிகளிலும், பெற்றோர் மனம் கோணாமல் இருக்க எளிதான தாளைக் கொடுத்து எல்லாருக்கும் 90 போட்டு அனுப்புகிற வழக்கம் இருக்கிறது. அது பிள்ளைக்குச் செய்கிற நன்மை ஆகுமா?

அன்று ஒத்திகையில் பேல்ஸைப் பணியிலிருந்து நீக்கியிருந்தால் அந்தப் பட்டியல் வந்திருக்குமா? கூஸ் எளிதான கேள்வி கேட்டுப் பாராட்டி அனுப்பியிருந்தால், ஜூலை 20 அன்று கணினி 1202 காட்டியபோது அந்த அறையில் என்ன முடிவு எடுத்திருப்பார்கள்? திருப்புதலில் தோற்கலாம். தோற்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டுப் பொதுத்தேர்வுக்குப் போகக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இன்று இரவு பேரப்பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டினால் ஆம்ஸ்ட்ராங்கோடு டிக் கூஸ் பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள். கடினமான வினாத்தாள் தயாரித்தவரை யாராவது நினைத்துப் பார்த்தால், என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு சந்தோஷம்!

எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்