ஒட்டுமிடத்துக் காந்தம்

சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்காவின் எம்ஐடியில் சேர்ந்த ஜகதீஷ் மூடேராவின் ஆய்வு, பெரும்பாலும் இரு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் எல்லையைப் பற்றியது. இரு காந்தப் படலங்களுக்கு நடுவே மெல்லிய தடுப்புப் படலம் வைத்தால், காந்தத் திசைக்கேற்ப மின்தடை மாறும் என்பதை 1975இல் ஜூலியே என்ற இயற்பியலாளர் கடுங்குளிரில் மட்டுமே கண்டார். 1995இல் மூடேரா குழுவும், ஜப்பானில் மியாசாகியும் அதை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்தார்கள். புதிய இயற்பியல் விதி எதுவும் தேவைப்படவில்லை. நடுவே தடுப்பாக வைத்த அலுமினிய ஆக்சைடுப் படலம் பழுதின்றி அமைந்தது, அவ்வளவுதான். பின்னாளில் ஹார்டு டிஸ்க்குகள் தகவலைப் படித்ததும் இந்த விளைவைக் கொண்டுதான்.

2016இல் மூடேராவின் குழு பிஸ்மத் செலினைடின்மேல் யூரோப்பியம் சல்ஃபைடைப் படியவைத்தது. முன்னது உள்ளே மின்சாரத்தைத் தடுத்து மேற்பரப்பில் மட்டும் கடத்தும் இடத்தியல் காப்பான். பின்னது சுமார் 17 கெல்வினுக்கு மேல் காந்த ஒழுங்கை இழப்பது. ஆனால் இரண்டும் சேருமிடத்தில் அறை வெப்பநிலையிலும் காந்தம் நீடிப்பதாக நியூட்ரான் அளவீடுகளைக் கொண்டு அறிவித்தார்கள். 2020இல் வேறொரு குழு, தனிமங்களைப் பிரித்தறியும் எக்ஸ் கதிர்களால் இதே இணையைச் சோதித்தபோது அப்படியொரு காந்தம் தென்படவில்லை. மாதிரிக்கு மாதிரி எல்லை வேறுபடுமே என்று கேட்கலாம். 1995இன் வரலாறே அதற்குச் சாட்சி. ஆனால் அன்றைய விளைவு வேறு கூடங்களிலும் திரும்பத் திரும்பக் கிடைத்தது. இதற்கு அது வாய்க்கும்வரை 2016இன் கூற்றைக் கருதுகோளாக மட்டுமே ஏற்பேன்.