மண்ணுக்கடியில் வழியுரிமை

நாம் நடக்கும் வீதிக்கு அடியில் இன்னொரு நகரம் இருக்கிறது. குடிநீர்க் குழாயும், தொலைத்தொடர்புக் கம்பியும், பாதாளச் சாக்கடையும் அங்கே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. கம்பியை வளைத்துக்கொண்டு போகலாம்; குடிநீரை அழுத்தத்தால் மேடேற்றலாம். சாக்கடையோ பெரும்பாலும் சரிவை நம்பியே ஓடுவது. ஆகவே, பிறர் உடைமையை அது கடந்தே தீரவேண்டிய இடங்கள் உண்டு. அங்கே யார் யாருக்கு வழிவிடுவது? இதற்கு இலண்டன் மாநகரம் கண்ட விடையை மாணவர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆற்றில் கலந்த கழிவின் நாற்றம் பாராளுமன்றத்தையே கலக்கிற்று. அவ்வாண்டே ஒரு சட்டம் இயற்றி, பெருஞ் சாக்கடைகள் அமைக்கும் அதிகாரத்தை மாநகரப் பணி வாரியத்துக்கு அளித்தனர். அதன் தலைமை எஞ்சினீயர் ஜோசப் பாசல்கெட். சில ஆண்டுகளுக்குள், வேறொரு சட்டத்தின் பலத்தில், மெட்ரோபாலிடன் இரயில்வே நிறுவனமும் நிலத்தடிப் பாதை வெட்டத் தொடங்கியது. இருவர் கையிலும் சட்டம் இருந்தது, மண்ணோ ஒன்றுதான்.

1862 ஜூன் மாதம், இரயில்வே வேலை நடந்த இடத்தை அடுத்திருந்த ஃபிளீட் சாக்கடை உடைந்து, பள்ளத்தில் பத்தடி ஆழத்துக்குக் கழிவுநீர் நின்றது. ஒப்பந்தக்காரரும் வாரியத்தாரும் ஒன்றுகூடி நீரைத் திருப்பிய பின்னரே வேலை தொடர்ந்தது. 1863 ஜனவரியில் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது.

மற்றோரிடத்தில், சாக்கடை அந்த இருப்புப்பாதைக்கு மேலே செல்லவேண்டியிருந்தது. அதற்கென 150 அடி இடைவெளியைத் தாண்டும் 240 டன் இரும்புப் பாலம் அமைத்தனர். அதன் அடிப்புறத்துக்கும் எஞ்சின் புகைபோக்கிக்கும் இடையே சில அங்குலமே இருக்கும். வண்டிகளை நிறுத்தவும் இயலாது. எனவே பாசல்கெட், உரிய மட்டத்துக்கு ஐந்தடி மேலே சாரம் கட்டி, அதன்மீது பாலத்தை முடித்து, பிறகு நீரழுத்தத்தால் இயங்கும் பொறிகளைக் கொண்டு கீழே இறக்கினார். சாக்கடைக்கு வழி கிடைத்தது, இரயிலும் ஓடியது.

இந்நெறி நம் நாட்டிலும் எழுத்தில் வடிவம் பெற்றது. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், உள்ளாட்சியின் பொறுப்பிலுள்ள நிலத்தில் குழாயையும் சாக்கடையையும் இடம்மாற்றத் தந்தி அதிகாரிகளுக்கு உரிமை தந்தது. ஆனால் பெருஞ் சாக்கடையில் கைவைக்க இடந்தரவில்லை. மற்றவற்றுக்கும் தொடங்கும் காலத்தைக் குறித்து முன்னறிவிப்புத் தரவேண்டியிருந்தது. பொறுப்புடையவர் தம் ஆளை அனுப்பி மேற்பார்வையிட முடிந்தது. அவ்வாள் நியாயமாக நிறைவுறும் வகையில் வேலை முடியவேண்டியிருந்தது.

பொதுநலத்தின் பெயரால் பிறர் உடைமையைக் கடந்து செல்லலாம், கெடுத்துச் செல்லலாகாது. மண்ணுக்கடியில் உள்ள இந்த நீதி, மண்ணுக்கு மேலே வாழும் நமக்கும் பொருந்துவதன்றோ?