லாமிவுடின்

லாமிவுடின் என்பது நாட்பட்ட கல்லீரல் அழற்சி பி நோய்க்கு வாய்வழியாகத் தரப்படும் வைரசு எதிர்ப்பு மருந்தாகும். ஐக்கிய அமெரிக்காவில் இந்நோய்க்கென 1998 இல் ஒப்புதல் பெற்றது. இது வைரசு பெருகுவதைத் தடுக்கிறது. எனினும் கல்லீரல் உயிரணுக்களின் கருவில் தங்கியுள்ள வைரசின் டி.என்.ஏ.வை அழிப்பதில்லை. எனவே பலருக்கு நீண்டகால மருத்துவம் தேவைப்படுகிறது.

நீண்டகாலப் பயன்

2004 இல் வெளியான ஆய்வொன்றில் கல்லீரலில் தழும்பேற்றம் முற்றிய 651 நோயாளர் பங்கேற்றனர். லாமிவுடின் பெற்றோரில் 7.8 விழுக்காட்டினருக்கும் மருந்தற்ற மாத்திரை பெற்றோரில் 17.7 விழுக்காட்டினருக்கும் நோய் மேலும் முற்றியது. கல்லீரல் புற்றுநோய் முறையே 3.9, 7.4 விழுக்காட்டினருக்கு ஏற்பட்டது.

மருந்தெதிர்ப்பு

இவ்வாய்வில் லாமிவுடின் பெற்றோரில் 49 விழுக்காட்டினரிடம் மருந்தை எதிர்க்கும் வைரசுத் திரிபுகள் தோன்றின. அவர்களிடம் பயன் குறைந்தது. எனவே, தற்போது எதிர்ப்பு எளிதில் தோன்றாத என்டெகாவிர், டெனோபோவிர் ஆகியவை முதலில் பரிந்துரைக்கப்படுகின்றன. மருத்துவரின் கண்காணிப்பின்றி இம்மருந்துகளை நிறுத்தினால் நோய் திடீரெனத் தீவிரமடையக்கூடும்.