கல்லை எடுத்தது ஒன்று, சுழற்சியை எடுத்தது மற்றொன்று

அம்மிக்கு வாரிசு மிக்சி, ஆட்டுக்கல்லுக்கு வாரிசு கிரைண்டர் என்பது நம் சமையலறைகள் ஒப்புக்கொண்ட வம்சாவளி. அரைபடும் பொருளைச் சற்று மறந்து, எது நிற்கிறது, எது சுற்றுகிறது என்று மட்டும் பார்த்தால் கதை மாறுகிறது. ஆட்டுக்கல்லில் உரல் நிற்கும், குழவி சுழலும். கிரைண்டரில் உரல் சுழல்கிறது. குழவிகள் அச்சை விட்டு நகராமல் அங்கேயே உருள்கின்றன. மிக்சியிலோ ஜார் நிற்க, உள்ளே பிளேடு சுழல்கிறது. பாட்டியின் கல் கிரைண்டருக்குப் போனது. அவள் கை சுற்றிய முறை மிக்சிக்குப் போனது. அம்மியின் முன்னும் பின்னுமான இழுப்பை இரண்டுமே சீந்தவில்லை.

வேகத்தில்தான் இரண்டும் அடியோடு பிரிகின்றன. மிக்சியின் பிளேடு நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றை எட்டக்கூடியது. கிரைண்டரின் பாத்திரம் நூற்றுச் சொச்சத்தோடு நின்றுவிடும். முன்னது வெட்டுகிறது, பின்னது நசுக்குகிறது. உளுந்துக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். கல்லுக்கடியில் மெல்ல நசுங்கி, தெளித்த தண்ணீரை இழுத்துக்கொண்டு, காற்றையும் பிடித்துவைத்து அது பொங்கி வரும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும். மிக்சியில் அரைத்த மாவும் மிதக்காமல் இல்லை. ஆனால் அதற்கு ஐஸ் தண்ணீர் வேண்டும், நடுநடுவே நிறுத்தி ஆறவிட வேண்டும், மூடியைத் திறந்து கரண்டியால் ஓரத்தை வழித்துவிட வேண்டும். அந்தக் கரண்டி வேலையைக் கிரைண்டரில் ஓரமாக நிற்கும் பிளாஸ்டிக் தகடு செய்கிறது. ஆட்டுக்கல்லில் ஒரு கை குழவியைச் சுற்றும்போது மாவைத் தள்ளிக்கொடுத்துக்கொண்டிருந்த இன்னொரு கைதான் அந்தத் தகடு.

இவ்வளவு வேறுபட்டவை மின்சாரத்தில் ஒன்றாகிவிடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. 750 வாட் மிக்சி 6 நிமிடம் ஓடினாலும், 150 வாட் டேபிள் டாப் கிரைண்டர் 30 நிமிடம் ஓடினாலும், பெட்டியில் அச்சிட்ட வாட் கணக்குப்படி செலவு 75 வாட்-மணிதான். கூடத்தில் இருப்பவர்களின் காதுக்கு மட்டும் இரண்டும் சமமாகப் படாது. மிக்சியின் மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே ஓடும்; போதாததற்கு அந்த வேகம். கிரைண்டரின் மோட்டாரில் பிரஷ்ஷே இல்லை; கல் கடகடக்கும், அவ்வளவுதான்.

பிறந்த கதையிலும் ஒரு பொருத்தம் உண்டு. கிரைண்டர் 1955-இல் கோவையில் சபாபதி என்பவரின் முயற்சியில் உருவானது. சுமீத் என்ற மிக்சியின் கதை தொடங்குவது 1963-இல், பம்பாயில் மாதுரி மாத்தூர் என்பவரின் வெளிநாட்டு மிக்சர் பழுதானபோது. பொறியாளரான அவர் கணவர் நம் ஊர் அரைப்புக்குத் தாங்கும் மோட்டாரைச் செய்ய இறங்கினார். இரண்டுமே நம் சமையலறையை மனத்தில் வைத்துப் பிறந்தவை. 2011-இல் தமிழக அரசு விலையில்லாப் பொருளாகக் கொடுத்தபோதும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே கொடுத்தது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு மிக்சிக்கு. கிரைண்டரில் மிளகாய்ப்பொடி திரிக்க முடியாது. மிக்சியில் சுமாராகவேனும் இட்லிமாவு அரைத்துவிடலாம். வாங்கும்போது வாட்டை மட்டும் பார்த்துவிட்டு வராமல், சட்னி ஜாரைத் திறந்து பிளேடுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இரண்டு பேருக்கான தேங்காய்த் துண்டுகள் அங்கேதான் அரைபடாமல் தங்கும். வாரம் இருமுறை இட்லி ஊற்றும் வீட்டுக்கு இரண்டு லிட்டர் கிரைண்டர் தனியாக வேண்டும். அதை வாங்குமுன், கல்லைக் கழற்றித் தூக்கிப் பாருங்கள். அரைத்து முடித்த பிறகு அதைக் கழுவப்போவது யார் என்பதை வீட்டில் அப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.