ஆற்று நீராடலும் எலிக்காய்ச்சலும்

கூழானாலும் குளித்துக் குடிக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களிலும் நம்மவர் இந்நெறியைப் பேணினர். விடியலில் பால்மரம் வெட்டப் புறப்பட்டவர்கள், வெயிலேறித் திரும்பியதும் நாடியவை ஓடையும் ஆறுமே. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கில், ஈயம் தோண்டிய குட்டைகளிலும் சிலர் நீராடினர்.

அத்தகைய நீரில் மறைந்திருக்கும் பகையை அறிவியல் பின்னரே கண்டது. கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய வில்லியம் பிளெட்சர், 1925இல் மலாயாவில் எலிக்காய்ச்சல் இருப்பதைக் கண்டறிந்தார். எலி முதலிய விலங்குகளின் சிறுநீரால் நீரிலும் சேற்றிலும் கலக்கும் கிருமி, தோலிலுள்ள புண், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் வழியே உடலிற் புகும். முள் கீறிய காலோடு உழைத்த பாட்டாளிக்கு இஃது எத்துணை இடர்! காய்ச்சலும் தசைவலியுமாகத் தொடங்குவதால், இதனை மலேரியா என மயங்கவும் இடமுண்டு.

இது பழங்கதையன்று. 2010இல் பகாங் மாநிலத்து லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடி இறங்கியோரை எலிக்காய்ச்சலும் மெலியோய்டோசிஸ் என்னும் மண்கிருமி நோயும் தாக்கின; எண்மர் மாண்டனர். அவ்வாண்டு இறுதியில் எலிக்காய்ச்சல், மருத்துவர் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாயிற்று.

தோட்டங்கள் பல மறைந்தன, லயங்களும் வெறிச்சோடின. ஆயினும் கோடை வெயிலில் அருவியும் ஆறும் நம் மாணவரை அழைத்துக்கொண்டே இருக்கின்றன. புண்ணுடன் நீரில் இறங்கலாகாது. மழைக்குப்பின் கலங்கிய நீரை விலக்க வேண்டும். பின்னர்க் காய்ச்சல் கண்டால், நீராடிய இடத்தையும் நாளையும் மருத்துவரிடம் கூற வேண்டும். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கும்.