ஹாம் பொதி வானொலி: சீரியல் போர்ட்டிலிருந்து யூஎஸ்பி மாற்றி வரை

பொதி வானொலி என்பது கணினித் தரவைச் சிறு சிறு பொதிகளாகப் பிரித்து வானொலி அலைகள் வழியே அனுப்பும் முறையாகும். உரிமம் பெற்ற ஹாம் வானொலி ஆர்வலர்கள் 1978 முதல் இதைப் பயன்படுத்தி வருகின்றனர். கணினியையும் வானொலிக் கருவியையும் இணைக்கும் பாலமாக நெடுங்காலம் விளங்கியது சீரியல் போர்ட். 2000களில் அது மடிக்கணினிகளிலிருந்து மறையத் தொடங்கியபோது, அதன் இடத்தை யூஎஸ்பி சீரியல் மாற்றி பிடித்தது. இம்மாற்றத்தில் சில கருவிகள் தடையின்றித் தொடர்ந்து இயங்கின. வேறு சில ஒரேயடியாகப் பயனற்றுப் போயின. இந்த வேறுபாட்டின் காரணம் லினக்ஸ் இயங்குதளத்தில் தெளிவாகப் புலப்படுகிறது.

தோற்றம்

வானொலி வழியே கணினிப் பொதிகளை அனுப்பும் முறைக்கு முன்னோடி, ஹவாய் பல்கலைக்கழகத்தில் 1971இல் இயங்கத் தொடங்கிய அலோஹாநெட் வலையமைப்பு ஆகும். ஹாம் வானொலியில் முதல் பொதி ஒலிபரப்பு 1978 மே 31 அன்று கனடாவின் மொன்றியலில் நடந்தது. அடுத்து வான்கூவரைச் சேர்ந்த ஆர்வலர் குழு, டிஎன்சி எனப்படும் முனையக் கட்டுப்பாட்டுக் கருவியை உருவாக்கியது. அமெரிக்க அரசு 1980இல் இத்தகைய ஒலிபரப்புக்கு இசைவு அளித்தது.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பயன்படுத்திய எக்ஸ்.25 நெறிமுறையை ஹாம் தேவைக்கேற்ப மாற்றியமைத்ததே ஏஎக்ஸ்.25 ஆகும். இதன் 2.0 பதிப்பு 1984இல் வெளியானது. ஒவ்வொரு பொதியின் தலைப்பகுதியிலும் அனுப்புநர், பெறுநர் ஆகிய இருவரின் அழைப்புக்குறிகளும் இடம்பெறுவது இதன் சிறப்பு. யார் ஒலிபரப்புகிறார் என்பதை அறிவிக்க வேண்டும் என்ற வானொலி விதி இதனால் தானாகவே நிறைவேறுகிறது.

டிஎன்சியும் சீரியல் கம்பியும்

அக்கால வீட்டுக் கணினிகளின் திறன் குறைவு. எனவே பொதியைக் கட்டுதல், பிழை சோதித்தல், ஒலியாக மாற்றுதல் ஆகிய எல்லாப் பணிகளையும் தனிப் பெட்டியான டிஎன்சியே செய்தது. 1200, 2200 ஹெர்ட்ஸ் ஆகிய இரு ஒலிகளால் நொடிக்கு 1200 பிட் அனுப்புவது பொது வழக்கமாயிற்று. அமெரிக்காவின் டூசான் நகரில் தோன்றிய டாப்பர் என்ற ஆர்வலர் அமைப்பு 1985இல் வெளியிட்ட டிஎன்சி-2, பின்னர் வந்த பல கருவிகளுக்கு முன்மாதிரியானது. கணினியிலிருந்து இப்பெட்டிக்குச் சென்றது ஆர்எஸ்-232 தரத்திலான சீரியல் கம்பி மட்டுமே.

கிஸ் நெறிமுறை

டிஎன்சிக்குள் இருந்த மென்பொருள், மனிதர் தட்டச்சு செய்யும் கட்டளைகளை எதிர்பார்த்தது. ஆனால் இணைய நெறிமுறைகளை வானொலியில் இயக்க முயன்றவர்களுக்குப் பொதிகளின் முழுக் கட்டுப்பாடும் கணினியிடம் இருக்க வேண்டியிருந்தது. இதற்காக மைக் செப்போனிஸ், ஃபில் கார்ன் ஆகிய இருவரும் 1980களின் நடுப்பகுதியில் கிஸ் என்ற எளிய நெறிமுறையை வகுத்தனர்.

கிஸ் முறையில் ஒவ்வொரு பொதியின் தொடக்கத்திலும் முடிவிலும் 192 என்ற மதிப்புள்ள பைட் வைக்கப்படும். தரவுக்குள் அதே மதிப்பு வந்தால், அதற்குப் பதிலாக 219, 220 என்ற இரு பைட்டுகள் அனுப்பப்படும். ஒலிபரப்பியை இயக்கியபின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், அலைவரிசை காலியாக உள்ளதா என்பன போன்ற, காலத்தோடு தொடர்புடைய முடிவுகள் டிஎன்சியிடமே விடப்பட்டன. கம்பி வழியே செல்லும் பைட்டுகள் வரிசை மாறாமலும் விடுபடாமலும் போய்ச் சேர்ந்தால் போதும். அவை சற்றுத் தாமதமானாலும் கெடுதல் இல்லை.

லினக்ஸ் கருனிக்குள்

ஏஎக்ஸ்.25 நெறிமுறையை லினக்ஸில் சேர்க்கும் பணியை ஆலன் காக்ஸ் தொடங்கினார். ஜோனதன் நெய்லர் அதை விரிவாக்கினார். 1996இல் வெளியான லினக்ஸ் 2.0 பதிப்பில், கெர்னல் எனப்படும் கருனியின் ஒரு பகுதியாகவே இது இடம்பெற்றது. பயனர் தம் அழைப்புக்குறியையும் வேகத்தையும் 'ஏஎக்ஸ்போர்ட்ஸ்' என்ற கோப்பில் எழுதிவைப்பார். பின்னர் 'கிஸ்அட்டாச்' கட்டளையைக் கொண்டு சீரியல் போர்ட்டைக் கருனியோடு இணைப்பார். அதன்பின் அந்த வானொலி, ஈதர்நெட் அட்டையைப் போலவே 'ஏஎக்ஸ்0' என்ற வலையமைப்பு முகமாகத் தோன்றும்.

பேகாம் மோடம்

டிஎன்சி வாங்க இயலாதோருக்கு ஜெர்மனியில் உருவான பேகாம் மோடம் மலிவான மாற்றாக அமைந்தது. டிசிஎம்3105 போன்ற ஒரே ஒரு மோடம் சில்லும் சில உதிரிப் பாகங்களுமே அதில் இருந்தன. மின்சாரத்தைக்கூட அது சீரியல் போர்ட்டிலிருந்தே பெற்றுக்கொண்டது. பொதியைக் கட்டுவதோடு, பிட்டுகளின் கால ஒழுங்கைக் கணிக்கும் வேலையும் கணினியின் மீது விழுந்தது.

தாமஸ் சைலர் எழுதிய லினக்ஸ் இயக்கி, சீரியல் போர்ட்டைச் சீரியல் போர்ட்டாகப் பயன்படுத்தவில்லை. 8250, 16550ஏ வகைச் சில்லுகளின் பதிவகங்களை நேரடியாகத் தொட்டு, கட்டுப்பாட்டுக் கம்பிகளில் மின்னழுத்தம் மாறும் கணத்தை அளந்து பிட்டுகளைக் கண்டறிந்தது. ஆகவே வழக்கமான சீரியல் இயக்கியை ஒதுக்கிவிட்டே இது இயங்க வேண்டியிருந்தது.

யூஎஸ்பியின் வருகை

யூஎஸ்பி தரத்தின் முதல் பதிப்பு 1996இல் வெளியானது. 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4 பதிப்பில் யூஎஸ்பி சீரியல் மாற்றிகளுக்கான இயக்கிகள் இருந்தன. பழைய போர்ட் 'டிடிஒய்எஸ்0' என்று அழைக்கப்பட்டது போல, மாற்றி 'டிடிஒய்யூஎஸ்பி0' என்ற பெயரில் தோன்றியது. கிஸ்அட்டாச் கட்டளையில் இப்பெயரை மாற்றி எழுதியதும் பழைய டிஎன்சிகள் முன்போலவே இயங்கின.

பேகாம் மோடத்துக்கு இது வாய்க்கவில்லை. யூஎஸ்பி மாற்றிக்குள் கணினி நேரடியாகத் தொடக்கூடிய 8250 பதிவகங்கள் இல்லை. மேலும் நொடிக்கு 1200 பிட் வேகத்தில் ஒரு பிட் நீடிப்பது சுமார் 0.83 மில்லிநொடி மட்டுமே. முழுவேக யூஎஸ்பி தரவை 1 மில்லிநொடிச் சட்டங்களாக அனுப்புகிறது. எஃப்டிடிஐ சில்லுகள், வந்த பைட்டுகளைத் திரட்டி அனுப்ப இயல்பாக 16 மில்லிநொடி வரை காத்திருக்கின்றன. இத்தாமதத்துக்குள் பல பிட்டுகள் கடந்துவிடும். அதே 16 மில்லிநொடி, கிஸ் டிஎன்சிக்கு ஒரு பொருட்டே அல்ல. ஏனெனில் மறுஅனுப்புதலுக்கான ஏஎக்ஸ்.25 காத்திருப்பு நொடிக்கணக்கில் அளக்கப்படுகிறது.

நடைமுறைச் சிக்கல்கள்

கிஸ் டிஎன்சிகளுக்கும் மாற்றம் முற்றிலும் சிக்கலற்றதாக இருக்கவில்லை.

பெயர்: இரு மாற்றிகள் செருகப்பட்டால், எது 0, எது 1 என்பது கண்டறியப்படும் வரிசையைப் பொறுத்தது. யூடெவ் அமைப்பு, சில்லின் வரிசை எண்ணைக் கொண்டு நிலையான பெயர் அளித்து இதைத் தீர்த்தது. வரிசை எண் இல்லாத மலிவு மாற்றிகளுக்கு, அவை செருகப்பட்ட துளையைக் கொண்டு பெயரிட வேண்டும்.

மின்னழுத்தம்: ஆர்எஸ்-232 நேர், எதிர் என இரு திசை மின்னழுத்தங்களையும் பயன்படுத்துகிறது. 5 அல்லது 3.3 வோல்ட் அளவில் இயங்கும் மாற்றிப் பலகைகளை அதனோடு நேரடியாக இணைத்தால் தரவு தலைகீழாகும். பலகை பழுதாகவும் கூடும்.

ஒலிபரப்பி தானாக இயங்குதல்: ஒரு சீரியல் போர்ட் திறக்கப்படும்போது லினக்ஸ் அதன் ஆர்டிஎஸ், டிடிஆர் கம்பிகளை இயல்பாக உயர்நிலைக்குக் கொண்டுசெல்கிறது. ஒலிபரப்பியை இயக்க ஆர்டிஎஸ் கம்பியைப் பயன்படுத்தும் நிலையத்தில், ஏதேனும் ஒரு நிரல் போர்ட்டைத் திறந்த கணமே ஒலிபரப்பு தொடங்கிவிடலாம். பலர் பகிரும் அலைவரிசை இதனால் அடைபடும். அதற்குப் பொறுப்பு உரிமம் பெற்றவரையே சாரும்.

போலிச் சில்லுகள்: 2014இல் எஃப்டிடிஐ வெளியிட்ட விண்டோஸ் இயக்கி ஒன்று, போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைச் சுழியாக மாற்றி முடக்கியது. அச்சுழி எண்ணையும் ஏற்கும்படி லினக்ஸ் இயக்கி திருத்தப்பட்டதால், முடங்கிய மாற்றிகள் லினக்ஸில் மீண்டும் இயங்கின.

இன்றைய நிலை

இன்று தனி டிஎன்சிக்குப் பதிலாக ஒலி அட்டையைப் பயன்படுத்துவது பெருகியுள்ளது. ஜான் லாங்னர் உருவாக்கிய டைர்வுல்ஃப் என்ற கட்டற்ற மென்பொருள், வானொலியின் ஒலியைக் கணினியிலேயே பகுத்துப் பொதிகளாக்குகிறது. பேகாம் போலவே இங்கும் மோடத்தின் வேலையைக் கணினி செய்கிறது. ஆயினும் ஒலி அட்டை தன் சொந்தக் கடிகாரத்தின்படி சீரான இடைவெளியில் மாதிரிகளை எடுத்து அனுப்புவதால், அவை யூஎஸ்பி வழியே தாமதமாக வந்தாலும் கால ஒழுங்கு குலைவதில்லை. இத்தகைய நிலையங்கள் பலவற்றில் யூஎஸ்பி சீரியல் மாற்றியின் பணி, ஆர்டிஎஸ் கம்பி வழியே ஒலிபரப்பியை இயக்குவதாகச் சுருங்கிவிட்டது.

டைர்வுல்ஃப் பிற நிரல்களோடு பொதிகளைப் பரிமாறிக்கொள்ள இன்றும் கிஸ் நெறிமுறையையே வழங்குகிறது. சீரியல் கம்பிக்காக வகுக்கப்பட்ட அந்நெறிமுறை, யூஎஸ்பி மாற்றியைக் கடந்து, கம்பியே இல்லாத வலையமைப்பு இணைப்புகளிலும் மாற்றமின்றிப் பயன்பாட்டில் உள்ளது.